பதினொரு பேருக்கு ஒரு முகம்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஓர் அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாக நான் பார்ப்பது குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. கஸ்டமர் அனுப்புகிற ஃபைல், பிளேட் ஆவதற்கு முன்னால் என் கம்ப்யூட்டருக்கு வரும். எழுத்து உடைந்திருக்கிறதா, படம் மங்கலா, ஓரம் வெட்டுப்படுமா, பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து இப்போது சாப்பாட்டுத் தட்டிலும் எனக்குக் குற்றம்தான் முதலில் தெரிகிறது. ஊரிலிருந்து மனைவி வீடியோ காலில் வந்தால், அவளுக்குப் பின்னால் சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்குவதைத்தான் முதலில் சொல்கிறேனாம். அவளுக்கு அதில் தீராத கோபம்.

எங்கள் தொழிலில் மகா குற்றம் என்று ஒன்று உண்டு. ஒரே படம் இரண்டு பெயர்களோடு வருவது. பள்ளிக்கூட ஆண்டு மலரில் ஒரு பிள்ளையின் படம் இன்னொரு பிள்ளையின் பெயரோடு அச்சாகிவிட்டால் போதும், இரண்டு தாய்மாரும் அச்சகத்துக்கே வந்துவிடுவார்கள். ஒருமுறை வந்தார்கள். அந்த மத்தியானத்தை நான் மறக்கவில்லை. ஒரே பட ஃபைல் இரண்டு இடத்தில் வந்தால் சிவப்பாக எரியும்படி ஒரு சின்ன புரோகிராமை அதற்குப் பிறகுதான் எழுதி வைத்தேன்.

போன குளிர்காலத்தில் இரண்டு சரித்திரங்கள் ஒரே மாதத்தில் எங்கள் அச்சகத்துக்கு வந்தன. ஒன்று, துபாயில் கட்டட கான்ட்ராக்ட் எடுக்கும் ஒரு தமிழ் முதலாளியின் கம்பெனிச் சரித்திரம். கெட்டி அட்டை, ஆர்ட் பேப்பர், மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும் எடை. முதலாளியின் அக்கா மகன்தான் பொறுப்பு. துபாயிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் கேட்டால் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும்.

முதல் பக்கத்தில் முதலாளியின் தகப்பனார் பாய்மரக் கப்பலுக்கு முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த மனிதர் வாழ்நாளில் போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை. கோட்டும் போட்டதில்லை. பேரன் கம்ப்யூட்டரிடம் நாலு வரி எழுதிக் கேட்டுத் தாத்தாவை வரவழைத்திருந்தான். முதலாளியின் மூக்கு, பேரனின் தாடி, வலது கையில் ஆறு விரல். ஆறாவது விரலைக் காட்டியபோது, “குட் கேட்ச், அங்கிள்” என்றான். கோட்டைப் பற்றிக் கேட்டதற்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. விரல் போயிற்று, கோட்டு நின்றது.

கேம்ப் வாழ்க்கைக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருந்தார்கள். அதற்காகச் சோனாப்பூர் லேபர் கேம்பிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய போட்டோக்கள் வந்தன. அவற்றில் இருப்பவர்கள் யார் என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் அடையாளம் சொல்ல ஓர் ஆளையும் கூடவே அனுப்பினார்கள். அரியலூர்ப் பக்கத்துக்காரர். கம்பி கட்டும் வேலையில் சேர்ந்து ஃபோர்மேன் ஆனவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். முட்டி தேய்ந்துவிட்டது, விசா கேன்சல் ஆகப்போகிறது, இரண்டு மாதத்தில் ஊர். அதுவரை லைட் டியூட்டி என்று கம்பெனி அவரை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்த்தியிருந்தது.

மூன்று நாள் உட்கார்ந்தார். அந்த மனிதருக்கு முகம் மறக்காது. ஹெல்மெட்டுக்குக் கீழே பாதி மூக்கு தெரிந்தால்கூடப் பெயர், மாவட்டம், எந்த ரூம், என்ன சமைப்பான் என்பது வரைக்கும் சொன்னார். ருவைஸ் சைட்டில் எடுத்த ஒரு படம். கட்டி நிறுத்திய கம்பிக்கூட்டின் மேல் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒருவன், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாய்கொள்ளாத சிரிப்பு.

“இவன் கரீம்நகர்க்காரன் தம்பி. என் பெட்டுக்குக் கீழ்ப் பெட்டு. ரெண்டு வருசம் இருந்தான். அக்ரிமென்ட் முடிஞ்சுது, போயிட்டான். பேரு எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன். பெட்டி காலியாகும்போதுதான் எனக்கு உறைத்தது.

“நீங்க எங்கண்ணே இருக்கீங்க? ஒண்ணுலயும் காணோமே.”

“நானா? எடுத்ததே நான்தானே.”

வந்த முதல் வருஷம் துபாய் தேராக் கடைத்தெருவில் ஒரு ஃபிலிம் கேமரா வாங்கினாராம். கேம்பில் அப்போது வேறு யாரிடமும் கேமரா இல்லை. எல்லோரையும் இவர் எடுத்தார். இவரை எடுக்கச் சொல்லிக் கொடுத்தால், ஒருவன் விரலை வைத்து மறைத்தான், ஒருவன் கழுத்துக்கு மேலே எடுக்காமல் விட்டுவிட்டான். அதோடு அந்த ஆசையை விட்டுவிட்டாராம். பிறகு கேமரா வைத்த போன் வந்தபோது முடி கொட்டியிருந்தது.

“இந்த புஸ்தகத்துல ஒரு ஓரமா என் மூஞ்சி வருமா தம்பி?” என்று கேட்டார். “ஊருக்குப் போனா எதையாவது காட்டணும்ல? வூட்டுக்காரி தங்கச்சி மாப்ள ஒருத்தன் இருக்கான். ஒவ்வொரு லீவுலயும் கேப்பான், அங்க என்னதான் பண்றீங்க, ஒட்டகம் மேய்க்கிறீங்களான்னு. நாலு பேருக்கு முன்னால கேப்பான். நான் கட்டுன பில்டிங்கயெல்லாம் தூக்கிட்டா போவ முடியும்? இதுல என் பேரும் மூஞ்சியும் இருந்தா போதும்.”

கேட்டதும் எனக்கு அந்தச் சகலை மேல் பற்றிக்கொண்டு வந்தது. சென்னைக்குக்கூட இரண்டு தடவை போகாதவனாக இருப்பான். “தூண்கள்” என்று தலைப்பிட்டு நீண்ட நாள் ஊழியர்களுக்கு ஒரு பக்கம் இருந்தது. அதில் இவர் பெயரும் இருந்தது. படத்துக்கு விசா ஸ்டாம்பிங்குக்கு எடுத்த ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்தார். நரைத்த தலை, முன்பல் போனதை மறைக்க இறுக்கி மூடிய வாய். நன்றாக ஸ்கேன் செய்து, ஒரு கீறலை அழித்து, முதலாளியின் அக்கா மகனுக்கு அனுப்பினேன்.

“நான் பாத்துக்கிறேன்ணே” என்றேன். நானாகத்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

இரண்டாவது சரித்திரம் ஜெர்மானியர்களுடையது. அங்கே பழைய காலத்தில் படங்களோடு அச்சான சரித்திரப் புத்தகங்களை இங்கே ஒரு கண்காட்சியில் வைக்கப்போகிறார்கள். அதற்கான கேட்டலாக், இங்கிலீஷிலும் அரபியிலும். அதைத் தயாரித்த ஜெர்மன் அம்மாள் ஃபைலில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அவர் ஊருக்குப் போயிருந்தார். அச்சு ஓடும் அன்று வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

வேலையோடு வேலையாக இங்கிலீஷ் பகுதியை அங்கங்கே படித்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்பாக வந்தது. அச்சு வந்த புதிதில், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், ஜெர்மன் நகரங்களில் பணக்காரர்களும் அச்சகக்காரர்களும் கூட்டுச் சேர்ந்து, உலகம் உண்டான நாளிலிருந்து தங்கள் ராஜா வரைக்கும் சரித்திரம் போட ஆரம்பித்திருக்கிறார்கள். நடுவில் ஆள் குறைந்தபோது நிரப்பிக்கொண்டார்கள். பைபிளில் வரும் நோவாவுக்கு இன்னும் ஒரு பிள்ளையைக் கூட்டி, அவன்தான் முதல் ஜெர்மன் ராஜா என்றார்கள். அவனுக்கு ஒரு மகன், அந்த மகனுக்கு ஒரு மகன். ஒருவனும் இருந்ததற்கு அத்தாட்சி கிடையாது. படம் மட்டும் எல்லோருக்கும் உண்டு. கவசம், ஈட்டி, நெஞ்சு வரை தாடி. கப்பல் பக்கத்தில் கோட்டுப் போட்டு நின்ற தாத்தாவுக்கு இவர்கள் தூரத்துச் சொந்தமாக இருக்க வேண்டும்.

சரித்திரத்தில் தங்களுக்குப் பிறகு நடக்கப்போவதை வாங்கியவனே எழுதிக்கொள்ளட்டும் என்று கடைசியில் சில வெற்றுத் தாள்களையும் விட்டு பைண்ட் செய்திருக்கிறார்கள். அதன்பின் உலகம் முடிகிற பக்கம். என்ன தன்னம்பிக்கை! நான் ஒரு வெற்றுப் பக்கத்தை விட்டால் எங்கள் மேனேஜர் பாய், “காகிதம் என்ன கிணற்றிலா ஊறுகிறது?” என்பார்.

மூன்றாம் நாள் மத்தியானம், பெட்டி வேலை முடிந்து ஃபோர்மேன் சும்மா உட்கார்ந்திருந்தார். என் திரையில் ஜெர்மன் ராஜாக்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கையை நீட்டினார்.

“நில்லு தம்பி. இந்த ஆளு அப்பவே வந்துட்டாரு.”

“இவர் வேறண்ணே. பேரு வேற போட்டிருக்கு.”

“பேரு கெடக்குது. மூக்கப் பாரு. தாடிக்குத்தான் சாயம் மாறியிருக்கு. பின்னால போ. இன்னும் போ. இந்தா இருக்காரு பாரு.”

திருப்பிப் பார்த்தேன். செம்பட்டைத் தாடி ஒரு ராஜா. முப்பது பக்கம் தள்ளிக் கறுப்புத் தாடி, வேறு பெயர், அதே வளைந்த மூக்கு, அதே செங்கோல், கட்டை விரலில் அதே வெட்டு. இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். பதினொரு பெயர்கள். ஒரு முகம். என் புரோகிராமுக்கு ஃபைலின் பெயர்தான் தெரியும். வெவ்வேறு ஸ்கேனாக வந்ததால் அது ஒன்றுமே சொல்லவில்லை. இவருக்கு முகம் தெரியும்.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. யாரோ ஒரு டிசைனர், ஏசியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, ஒரே ராஜாவைப் பதினொரு இடத்தில் இழுத்துப் போட்டிருக்கிறான்! அவ்வளவு படித்த அம்மாளும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! சிவகாசியில் பிறந்து ஷார்ஜாவில் குப்பை கொட்டும் நானும், அரியலூர்க் கம்பிக்காரர் ஒருவரும் சேர்ந்து ஐரோப்பாவின் மானத்தைக் காப்பாற்றப்போகிறோம்.

கஸ்டமர் கையெழுத்துப் போட்ட ஃபைலில் கை வைக்கக் கூடாது என்பது அச்சகத்தின் சட்டம். அந்தச் சட்டத்தை மீறித்தான் நான் பலர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். தலைகீழாக நின்ற அரபி எழுத்தைத் திருப்பியிருக்கிறேன், மணப்பெண் பெயரில் விட்டுப்போன ஓர் எழுத்தைச் சேர்த்திருக்கிறேன். ஒருவரும் நன்றி சொன்னதில்லை, திட்டியதுமில்லை. கூட வந்த ஃபோல்டரில் உபயோகிக்காத ராஜாக்கள் நிறையக் கிடந்தார்கள். பத்து பேரை எடுத்தேன். முகத்துக்கும் பெயருக்கும் பொருத்தம் பார்த்து, சாந்தமான பெயருக்குச் சாந்தமான முகம் என்று ஆளுக்கொன்றாக வைத்தேன். பிளேட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபோர்மேனுக்கும் எனக்கும் சுலைமானி டீ சொன்னேன்.

ஜெர்மன் அம்மாள் வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாளை உருவி மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை. பிறகு சிரித்தார். சிரிப்பு நின்றதும் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

விஷயம் இதுதான். அது டிசைனர் செய்த தப்பு அல்ல. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்தவர்களே அப்படித்தான் அடித்திருக்கிறார்கள். படம் என்றால் மரக்கட்டையில் செதுக்கி எடுப்பது. செதுக்க நாளாகும், கூலி ஆகும். அதனால் செதுக்கிய ஒரு ராஜாவைக் கழுவித் துடைத்து அடுத்த ராஜாவாக்கினார்கள், அதையே அதற்கடுத்தவனாக்கினார்கள். ஊர்களுக்கும் அதே கதிதான். ஒரு மதில், ஓர் ஆறு, இரண்டு கோபுரம் செதுக்கினால் அது இந்தப் பக்கத்தில் ஜெர்மன் நகரம், தாண்டிப் போனால் இத்தாலி நகரம். வர்ணம் பூசுகிறவன் தாடியை மாற்றிக் கொடுத்துவிடுவான். கேட்டலாக்கில் அந்த அத்தியாயமே அதைப் பற்றியதுதான். பதினொரு பெயருக்கும் ஒரே முகம் என்று காட்டத்தான் பதினொன்றையும் அத்தியாயம் நெடுக வைத்திருந்தார். நான் அந்த அத்தியாயத்தைப் படிக்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தேன்.

“ஐந்நூறு வருஷத்தில் இவர்களைத் திருத்திய முதல் ஆள் நீங்கள்தான்” என்றார் இங்கிலீஷில். பாராட்டவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. அது ஏமாற்று இல்லையா என்று கேட்டேன். ராஜா என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான், அந்தக் கால வாசகர் அதில் குறிப்பிட்ட ஒருவரின் முகத்தைத் தேடவில்லை என்றார். அதோடு, அந்த ராஜாவை யார் பார்த்திருக்கிறார்கள்? வாங்கியவனும் பார்த்ததில்லை, செதுக்கியவனும் பார்த்ததில்லை. நல்ல நியாயம். எங்கள் ஊரில் அந்தக் காலக் கல்யாணப் பத்திரிகைகளில் ஒரே மணமக்கள் பிளாக்கைத்தான் ஜில்லா முழுவதற்கும் அடித்தார்கள். ஆனால் அந்தப் பொம்மையின் அடியில் இவர்தான் மாப்பிள்ளை என்று எந்த அச்சகக்காரனும் எழுதிவைக்கவில்லை. எங்களுக்கு அந்த அளவு வெட்கம் இருந்தது.

அந்தப் பழைய அச்சகக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். கேட்டலாக்கில் ஒரு பக்க டம்மியின் படம் இருந்தது. எழுத்து வரும் இடத்தில் கிறுக்கல் கோடுகள், படம் வரும் இடத்தில் அவசரமாக வரைந்த ஒரு கட்டம். இன்றைக்கும் நான் அப்படித்தான் போடுகிறேன். அவ்வளவு பாடுபட்டுப் போட்ட புத்தகத்தை, சில வருஷத்துக்குள் பக்கத்து நகரத்துக்காரன் ஒருவன் சின்ன சைசில் காப்பி அடித்து விற்றும்விட்டானாம். அதைப் படித்தபோது, நன்றாக வேண்டும் என்று ஒரு பக்கம் இருந்தது, ஐயோ பாவம் என்று ஒரு பக்கம் இருந்தது.

ஓடிய தாள்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. மேனேஜர் பாய் கீழக்கரைக்காரர். கோபம் வந்தால் குரல் இறங்கும்.

“உன்ன யாரு ராஜாவுக்கு மூஞ்சி மாத்தச் சொன்னா? இனிமே கஸ்டமர் ஃபைல்ல உன் விரல் படக் கூடாது. அவன் பைத்தியக்காரத்தனமா அனுப்பினாலும் அப்படியே பிளேட் போடு. டச்சிங் மாஃபி, தொடுற வேலையே கெடையாது. கலாஸ், முடிஞ்சுது.”

அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து என் மானிட்டரின் தலையில் நானே ஒட்டினேன். போகிறவன் வருகிறவன் எல்லோரும் படிக்கட்டும் என்ற வீம்புதான்.

கம்பெனிச் சரித்திரத்தின் கடைசி ஃபைல் இரண்டு வாரம் கழித்து வந்தது. திறந்ததும் என் புரோகிராம் இரண்டு இடத்தில் சிவப்பாக எரிந்தது. நாற்பதாம் பக்கமும் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கமும். நாற்பதில் ருவைஸ் படம், கரீம்நகர்க்காரனின் பெயரோடு, சரியாக இருந்தது. நூற்றுப்பன்னிரண்டில் “தூண்கள்”. ஃபோர்மேனின் பெயருக்கு மேல் அதே மஞ்சள் ஹெல்மெட், அதே கண் சுருக்கல், அதே சிரிப்பு.

முதலாளியின் அக்கா மகன் அனுப்பிய மெயிலில் ஒரு வரி இருந்தது. பாஸ்போர்ட் போட்டோவெல்லாம் பார்க்கச் சோகமாக இருக்கிறது, அதனால் சிலவற்றுக்கு நல்ல சைட் லுக் படங்களை மாற்றியிருக்கிறோம். ஃபைலின் பெயர் ஃபைனல் ஃபைனல். எழுதியவனுக்கு அந்த மனிதர் யார் என்றே தெரியாது. நரைத்த தலை ஒன்று, இளமையான தலை ஒன்று. பார்க்க எது அழகோ அதை எடுத்துக்கொண்டான். ஆறு விரல் தாத்தாவுக்குப் பிறந்த வம்சம் வேறு எப்படி இருக்கும்?

மானிட்டரின் தலையில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். கை வைக்க மாட்டேன் என்று என் கையெழுத்து.

ஒரு போன் போட்டிருக்கலாம். போன் போடுவது ஃபைலில் கை வைப்பது ஆகாது, அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மூக்குடைபட்டிருந்தேன். டச்சிங் மாஃபி என்றீர்கள் அல்லவா, இந்தாருங்கள், அப்படியே போகட்டும், அச்சாகி வந்தபின் எல்லோரும் சேர்ந்து அனுபவியுங்கள் என்று நினைத்தேன். யார் அனுபவிப்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை என எழுதினால் அது பொய். தோன்றியது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னதும் ஞாபகம் வந்தது. வந்த பிறகுதான் பிளேட்டுக்கு அனுப்பும் பட்டனை அழுத்தினேன். ராஜாவைப் பதினொரு தடவை அடித்தவர்களைப் பார்த்து அத்தனை நாள் சிரித்த வாய், அன்று டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ஹோட்டலில் வெளியீட்டு விழா நடந்தது. முதலாளி பேசினார், வந்தவர்கள் புத்தகத்தோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள், அதோடு சரி. ஒருவரும் உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை. ஒரு போன்கூட வரவில்லை. யாருக்குப் பாடம் புகட்டுவதாக நினைத்துப் பட்டனை அழுத்தினேனோ, அவர்கள் காதில் அது விழவே இல்லை. தூண்களையும் விழாவுக்கு அழைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுநாள் எங்கள் டிஜிட்டல் மெஷினில் அதே ஆர்ட் பேப்பரில் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தை ஒரே ஒரு பிரதி அடித்தேன். ஃபோர்மேனின் சரியான படத்தோடு. அதை டிராயரில் வைத்தேன்.

ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் அவர் வந்தார். இரண்டு பஸ் மாறி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

“கம்பெனில கேட்டேன் தம்பி. கெஸ்ட்டுக்குத்தான் புஸ்தகமாம். உங்கிட்ட ஒண்ணு கெடைக்குமா?”

அச்சகத்துப் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நேராகத் தன் பக்கத்துக்குப் போகவில்லை. முதலிலிருந்து திருப்பினார். கோட்டுப் போட்ட தாத்தாவைத் தாண்டினார். நாற்பதாம் பக்கத்தில் நின்று, “ருவைஸ்ல எடுத்தது. என்னா வெயிலு அன்னிக்கி” என்றார். நூற்றுப்பன்னிரண்டு வந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தன் பெயரை விரலால் தடவிப் படித்தார். பிறகு மேலே இருந்த முகத்தைப் பார்த்தார்.

நான் உளறிக் கொட்டிவிட்டேன். படம் மாறிவிட்டது, மாற்றியது அவர்கள், ஆனால் நான் பார்த்தேன், பார்த்தும் சொல்லவில்லை, என் மேல் தப்பு. டிராயரிலிருந்து தாளை எடுத்து வைத்தேன். “அஞ்சு நிமிசம்ணே. பழைய தாளை வெட்டிட்டு இதை ஒட்டித் தர்றேன். கண்டுபிடிக்கவே முடியாது.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இறுக்கி மூடிய வாயோடு அவர். சிரித்துக்கொண்டு அவன்.

“வேணாம் தம்பி. இதுவே இருக்கட்டும்.”

“அது நீங்க இல்லியேண்ணே!”

“இந்த மூஞ்சிய டெய்லி போன்ல பாக்குறாங்க. இதக் காட்ட எனக்கு எதுக்கு புஸ்தகம்? அந்த வயசுல கம்பி மேல நின்னது யாருக்குத் தெரியும்? யாரு பாத்தா? ஹெல்மெட்டப் போட்டு வெயில்ல நின்னா அப்ப நானும் இப்பிடித்தான் இருந்திருப்பேன்.” கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கே மறந்துபோச்சு.”

“வீட்ல அக்காவுக்குத் தெரிஞ்சிரும்.”

“தெரியும். சொல்ல மாட்டா.”

கோபம் கோபமாக வந்தது எனக்கு. யார் மேல் என்று தெரியவில்லை. மூக்கைக் கட்டைவிரல் வெட்டோடு சேர்த்து அடையாளம் சொன்ன மனிதர் இவர். இவரே இப்படிச் சொன்னால்? “சகலைக்குப் பயந்துக்கிட்டு இன்னொருத்தன் மூஞ்சியோட போவீங்களா?” என்று கேட்டேவிட்டேன்.

“அந்த ராஜா பதினோரு பேரு வச்சிக்கலையா? எனக்கு ரெண்டாவது பேரா இருந்துட்டுப் போறான்” என்றார். சிரிக்கவில்லை. பிறகு புத்தகத்தை நாற்பதாம் பக்கத்துக்குத் திருப்பி என் முன்னால் தள்ளினார். “ஒரே ஒரு ஒதவி தம்பி. இங்க அவன் பேரோட இருக்கே. அந்த மாப்ள நோண்டிக் கண்டுபிடிச்சிருவான். இத மட்டும் எடுத்துரு.”

வெளியே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கத்தியையும் இரும்பு ஸ்கேலையும் எடுத்தேன். தாளை அடியோடு உருவினால் தையலின் மறுபக்கத்தில் இருக்கும் அதன் ஜோடித் தாளும் கழன்றுவிடும். அதனால் ஒரு விரல் அகலம் விட்டு வெட்டினேன். வெட்டிய தாளின் பின்பக்கத்தில் முதலாளி கேக் வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் சேர்ந்து போனார். பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் வெட்டியதில்லை. அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தெரியவே இல்லை என்றார். புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

வெட்டிய தாளில் கரீம்நகர்க்காரனின் பெயர் சரியாக இருந்தது. ஒட்டாத தாளில் ஃபோர்மேனின் முகம் சரியாக இருந்தது. சரியாக இருந்த இரண்டும் என் மேசைமேல் கிடந்தன. புத்தகம் அரியலூருக்குப் போய்விட்டது.